ஒன்பது கோல் வாங்கிய பிள்ளைகளை மறுபடி அழைத்துப் போகலாமா?

கேள்வி: ஐயா, குடியாத்தம் பக்கத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் 17 வயதுக்குட்பட்ட மாணவிகள் ஹாக்கி அணி குறுவட்டத்தில் ஜெயித்து, மாவட்டப் போட்டியில் அரையிறுதிக்கு வந்திருக்கிறது. எதிரணி, போன வருடம் எங்களை 9-0 என்று அடித்த அதே பள்ளி. அங்கே ஹாக்கிக்கென்று தனிக் கோச் இருக்கிறார். செயற்கைப் புல்தரையில் வருடம் முழுக்கப் பழகுகிறார்கள். எங்களிடம் இருப்பது 13 பிள்ளைகள், கல் மண் மைதானம், ஒரே ஒரு செட் கோலி பேட். போட்டி நடக்கப்போவதும் மண் மைதானத்தில்தான். இன்னும் 11 நாள் இருக்கிறது. "யாருக்காவது அடிபடும், எதற்கு இந்த அவமானம், விலகிவிடுங்கள்" என்கிறார் தலைமை ஆசிரியர். "மிஸ், மறுபடியும் அவங்ககிட்டயா?" என்று பிள்ளைகளும் முகம் சுருங்கிக் கேட்கிறார்கள். போகலாமா, வேண்டாமா? போனால், எல்லோரையும் பின்னால் நிறுத்தி கோலை மட்டும் காப்பாற்றச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அது சரியா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

போங்கள். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தலைமை ஆசிரியர் சொல்வதில் அவமானம் என்கிற பாதியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அடிபடும் என்கிற பாதி உண்மை. ஹாக்கி பந்து கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்தின் எடை, 156 முதல் 163 கிராம். வருடம் முழுக்கப் பழகிய பெண் அதை ஓங்கி அடித்தால் என்ன வேகத்தில் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே 13 பேருக்கும் முழங்காலுக்குக் கீழே கட்டும் பேட், வாய்க்குள் வைக்கும் பல் கவசம், கோலிக்குத் தலைக்கவசத்திலிருந்து ஷூமேல் கட்டும் கிக்கர் வரை எல்லாம் சரியான அளவில் இருக்க வேண்டும். ஷார்ட் கார்னர், அதாவது கோலுக்கு முன்னால் நாம் ஃபவுல் செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் தண்டனை அடி, அதைத் தடுக்க நிற்கும் நாலு பேருக்கும் முகமூடி வேண்டும். பள்ளியில் இல்லையென்றால் இரவல் கேளுங்கள். குறுவட்டத்தில் உங்களிடம் தோற்ற பள்ளிகளிடமே கேட்கலாம், பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். இந்த 11 நாளில் இவை கிடைக்கவில்லை என்றால் தலைமை ஆசிரியர் சொல்வதுதான் சரி, விலகுங்கள். கிடைத்துவிட்டால், அவரிடம் அந்தச் சாமான்களைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்துக் காட்டிவிட்டுப் பேசுங்கள். வாயால் தைரியம் சொல்வதைவிட அது எடுபடும்.

இனி, எல்லோரையும் பின்னால் நிறுத்தும் யோசனை. வேண்டாம் டீச்சர். இதை நான் செய்து பார்த்து, பிள்ளைகளை அழவைத்தவன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பள்ளி அணியோடு வேலூரில் ஒரு பலமான அணியிடம் ஆடப் போனேன். உங்களைப் போலவே நினைத்தேன். பத்து பேரையும் டி வட்டத்துக்குள், அதாவது கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்துக்குள், இறக்கி நிறுத்தினேன். கால்பந்தில் பலவீனமான அணிகள் இப்படிச் செய்து தப்பிப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அந்தக் கணக்குதான். 11 கோல் விழுந்தது. எட்டாவது கோலுக்குப் பிறகு என் கோலி வலைக்குள் போய்ப் பந்தை எடுத்தவன், அதைத் திருப்பி உருட்டாமல் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றான். அம்பயர் விசில் ஊதியும் துடைத்துக்கொண்டே இருந்தான். அந்தப் பையன் நின்ற நிலை இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

அன்று ராத்திரி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோலும் எப்படி விழுந்தது என்று எழுதினேன். ஏழு கோல் ஷார்ட் கார்னரிலிருந்து வந்தவை. அந்த ஷார்ட் கார்னர்கள் எப்படி வந்தன? பந்து எங்கள் பையன்களின் காலில் பட்டதால். ஹாக்கியில் அது ஃபவுல். கால்பந்தில் கூட்டமாக நின்றால் கால்கள் சுவராகும். ஹாக்கியில் டிக்குள் பத்து பேர் நின்றால் அங்கே இருபது கால்கள், ஒவ்வொன்றும் ஒரு ஷார்ட் கார்னர். எதிராளி கோலைக் குறிவைக்க வேண்டியதே இல்லை, கூட்டத்துக்குள் பந்தைத் தள்ளினால் போதும். போதாததற்கு, அத்தனை பேர் முன்னால் நின்றால் கோலிக்குப் பந்தே தெரியாது. அவனுக்குத் தெரிவது முதுகுகள்தான்.

மீதி நாலு கோல்தான் எனக்குப் பெரிய பாடம். அந்த நாலும், எங்கள் பையன்கள் பந்தைப் பிடுங்கிய பிறகு விழுந்தவை. ஆமாம், பிடுங்கிய பிறகு. ஒரு பையன் உயிரைக் கொடுத்து டேக்கிள் செய்து பந்தை எடுக்கிறான். எடுத்த பதற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிக்கிறான். அது நேரே எதிரணியின் சென்டர் ஹாஃப் காலடியில் போய் நிற்கிறது. எங்கள் ஆட்களோ 'பந்து நம்மகிட்ட வந்துடுச்சு' என்று அப்போதுதான் விலகி ஓடத் தொடங்கியிருக்கிறார்கள். திறந்த வீடு மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்த நாலாவது நொடியில் கோல்.

அதற்குப் பிறகு எத்தனையோ பள்ளி அணிகளோடு போயிருக்கிறேன், பலமான அணி பலவீனமான அணியை நொறுக்கிய ஆட்டங்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். நம் பிள்ளைகள் பந்தைத் தடுப்பதில் தோற்பதில்லை. தடுத்த பந்தை அடுத்த மூன்று நொடியில் என்ன செய்வது என்று தெரியாமல்தான் தோற்கிறார்கள். உங்கள் 11 நாளில் பெரும்பகுதியை இந்த மூன்று நொடிக்குக் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் இதற்கு ஒத்தாசை.

முதலில் எங்கே நிற்பது என்று பார்ப்போம். டி வட்டம் கோல் கம்பத்திலிருந்து 14.63 மீட்டர், பழைய கணக்கில் 16 கெஜம். அதற்கு வெளியே, கோல் பக்கக் கோட்டிலிருந்து 22.90 மீட்டரில் குறுக்குக் கோடு போகிறது, நாம் 23 மீட்டர் கோடு என்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவே எட்டு மீட்டர் சொச்சம் அகலத்தில் ஒரு பட்டை இருக்கிறது பாருங்கள், சண்டை அங்கே நடக்க வேண்டும். அங்கே தெரியாமல் காலில் பட்டால் வெறும் ஃப்ரீ ஹிட்தான். அதையும் அவர்கள் நேராக டிக்குள் அடிக்க முடியாது, பந்து ஐந்து மீட்டராவது உருண்டிருக்க வேண்டும். நமக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். வேண்டுமென்றே ஃபவுல் செய்தால் மட்டும் அங்கேயும் ஷார்ட் கார்னர் கொடுத்துவிடுவார்கள். ஆகவே ஸ்டிக்கால் ஸ்டிக்கை அடிப்பது, இழுப்பது கூடவே கூடாது.

நாளைக் காலையில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூளை எடுத்து அந்தப் பட்டையை மட்டும் மைதானத்தில் தெளிவாகப் போட்டுவிடுங்கள். பின்னால் நாலு பேர் அந்தப் பட்டைக்குள், அவர்களுக்கு முன்னால் நாலு பேர் 23 மீட்டர் கோட்டை ஒட்டி. முன்னால் இரண்டு பேர். அந்த இரண்டில் ஒருத்தி இறங்கி உதவலாம், இன்னொருத்தி நடுக்கோட்டைவிட்டு இறங்கவே கூடாது. அணியிலேயே வேகமாக ஓடுகிற பிள்ளையை அங்கே விடுங்கள். அவள் அங்கே நிற்பதால் எதிரணியில் இரண்டு பேராவது பின்னால் தங்க வேண்டிவரும். ஒருத்தியை நாம் 'சும்மா' நிறுத்தி வைத்து, அவர்களில் இரண்டு பேரைக் கட்டிப்போடுகிறோம்.

பின்வரிசையில் யாரை எங்கே போடுவது என்பதில் ஒரு விஷயம். நம் பள்ளிகளில் நல்ல ஃபுல் பேக்கை நடுவிலோ வலப்பக்கமோ போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் பிள்ளையை இடப்பக்கம் தள்ளுவது வழக்கம். இந்த ஆட்டத்துக்கு அதை மாற்றுங்கள். ஸ்டிக்குக்கு ஒரு பக்கம்தான் தட்டை. ஆகவே நமக்கு வலக்கைப் பக்கம் பலம், இடக்கைப் பக்கம் பலவீனம். எதிராளி தன் வலப்பக்க ஓரமாகப் பந்தைக் கொண்டு வரும்போது அது நம்முடைய இடப்பக்கம். தேர்ந்த ரைட் அவுட் அந்த வழியாகத்தான் வருவாள். அந்த இடத்தில் அவசரப்படாத, காலை நகர்த்தத் தெரிந்த பிள்ளை வேண்டும். வேகம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, பொறுமைசாலியாக இருக்க வேண்டும்.

அவளுக்கும் மற்ற மூவருக்கும் ஒரே ஒரு பாடம். எதிராளி வரும்போது ஆளுக்கு நேராக நிற்காதே, அரை அடி உன் இடப்பக்கம் தள்ளி நில். அப்போது அவள் உன் வலப்பக்கமாகத்தான் போக வேண்டிவரும், அங்கே உன் ஸ்டிக்கின் தட்டைப் பக்கம் தயாராக இருக்கிறது. பாய்ந்து விழாதே. பின்னாலேயே நடந்து போ, ஸ்டிக் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். அவள் பந்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளுகிற அந்த நேரத்தில் ஸ்டிக்கால் பந்தைக் குத்து. இதை இரண்டு இரண்டு பேராக, முதலில் நடையில், அப்புறம் ஓட்டத்தில் பழக்குங்கள். நடையில் செய்வதைப் பார்த்து பிள்ளைகள் சிரிப்பார்கள். பரவாயில்லை, உடம்பு நடையில்தான் கற்றுக்கொள்ளும்.

இப்போது அந்த மூன்று நொடி.

இருபது தப்படிக்குப் பதினைந்து தப்படி அளவில் ஒரு கட்டம் போடுங்கள். இரண்டு ஓரத்திலும் இரண்டு இரண்டு புத்தகப் பைகளை வைத்தால் வாசல் ஆயிற்று. உள்ளே மூன்று பேர் பந்தோடு, மூன்று பேர் தடுக்க. தடுக்கிறவர்கள் பந்தைப் பிடுங்கியதும் நீங்கள் கை தட்டுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது தட்டலுக்குள் பந்து ஏதாவது ஒரு ஓர வாசல் வழியாகத் தன் ஆளுக்குப் போயிருக்க வேண்டும். நடுவே அடிக்கக் கூடாது. பத்து நிமிடம், தண்ணீர், மறுபடி பத்து நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று முறை போதும்.

முதல் நாள் நன்றாகக் கவனித்துப் பாருங்கள். பந்தைப் பிடுங்கியதும் பிள்ளையின் இரண்டு கையும் ஸ்டிக்கின் உச்சியில் ஒன்று சேரும், தோள் பின்னால் போகும், தலை பந்துக்குள்ளேயே குனிந்திருக்கும். ஓங்கி அடிக்கத் தயாராகிறாள். அந்தத் தோள் பின்னால் போகும் நேரத்திலேயே எதிராளி வந்து நின்றுவிடுவாள். அதை மாற்ற வேண்டும். இடக்கை மேலே, வலக்கை ஸ்டிக்கின் நடுவில், கைகள் பிரிந்தே இருக்கட்டும். தலை நிமிரட்டும். எட்டு, பத்து தப்படிக்குள் இருக்கும் தன் ஆளுக்கு, ஸ்டிக்கை ஓங்காமல் தள்ளிவிடும் புஷ். கல் மண்ணில் புஷ் தடுக்கி நிற்கிறது என்றால், கையைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்துக் குட்டையாக ஒரு ஸ்லாப். ஓங்கல் வேண்டாம்.

'யாருக்குக் கொடுப்பது?' என்ற கேள்வி பிள்ளைக்கு அந்த நேரத்தில் வரவே கூடாது. ஆகவே முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். வலப்பக்கம் பந்து எடுத்தால் ஓரக்கோட்டோரம் நிற்கும் ரைட் ஹாஃப். இடப்பக்கம் எடுத்தால் லெஃப்ட் ஹாஃப். இரண்டும் அடைத்திருந்தால், ஓரக்கோட்டுக்கு வெளியே தள்ளிவிடு. ஆமாம், வெளியே தள்ளுவதும் நல்ல முடிவுதான். அவர்கள் வந்து பந்தை எடுத்து வைப்பதற்குள் நம் பதினோரு பேரும் தங்கள் இடத்துக்குத் திரும்பியிருப்பார்கள். செய்யவே கூடாதது ஒன்றுதான்: தன் டிக்கு முன்னால் குறுக்கே பந்தைப் போடுவது. அதை யார் செய்தாலும் ஆட்டத்தை நிறுத்தி அவளையே மறுபடி செய்யச் சொல்லுங்கள், திட்டாமல்.

ஃப்ரீ ஹிட் கிடைத்ததும் ஓங்கி அடிப்பது இன்னொரு பழக்கம். தானே தட்டி எடுத்துக்கொண்டு ஓட விதி இடம் கொடுக்கிறது, எதிராளி ஐந்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். ஓரத்துப் பக்கமாக நாலு தப்படி தானே எடுத்துக்கொண்டு போனாலே எதிரணியின் வரிசை கலையும்.

ஷார்ட் கார்னருக்கு வருகிறேன். எவ்வளவு கவனமாக ஆடினாலும் நாலைந்து வரத்தான் செய்யும். கோலியோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால். பந்து டிக்கு வெளியே போய்த் திரும்பிய பிறகுதான் அவர்கள் கோலுக்கு அடிக்க முடியும். அந்த முதல் அடி ஹிட்டாக இருந்தால் கோல் பலகை உயரத்துக்கு, அதாவது 460 மில்லிமீட்டருக்கு மேலே போனால் கோல் இல்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பாதி பயம் போய்விடும். ஓடுகிற பிள்ளை பந்து வரும் பாதையில் உடம்பை வைக்கக் கூடாது. பந்து தன் வலப்பக்கமாகப் போகிற மாதிரி ஓட வேண்டும், பாதையில் இருப்பது ஸ்டிக் மட்டும்தான். முகமூடி இல்லாமல் ஒரு பிள்ளையையும் ஓட விடாதீர்கள், கோல் போனாலும் போகட்டும்.

இங்கே மண் மைதானம் உங்களுக்குத் துணை. புல்தரையில் பந்து சறுக்கிக்கொண்டு வந்து சொன்ன இடத்தில் நிற்கும். மண்ணில் கோட்டிலிருந்து தள்ளிய பந்து நிற்க வைப்பவளிடம் போவதற்குள் இரண்டு முறை துள்ளும். பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் செய்ய அங்கே வசதி இல்லை. 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி நடந்தபோது, இயற்கைப் புல்லில் பழகிய இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. அதுவரை ஆடிய ஒவ்வொரு ஒலிம்பிக்ஸிலும் பதக்கம் வாங்கிய அணி அது. தரை மாறினால் கை மறந்துபோகும் என்பது நமக்கு வலித்துத் தெரிந்த பாடம். அதே சங்கடம் இந்த ஒரு நாள் அவர்களுக்கு. உங்கள் பிள்ளைகளுக்கோ பந்து எந்தக் கல்லில் பட்டு எப்படித் துள்ளும் என்று தெரியும். முடிந்தால் முந்தின நாளே போய் அந்த மைதானத்தில் நடந்து பார்க்க வையுங்கள். குழி எங்கே, சரளை எங்கே என்று அவர்களே பார்த்து வைத்துக்கொள்ளட்டும். துள்ளும் பந்தை நிறுத்த ஸ்டிக்கை நன்றாகச் சாய்த்து, கிட்டத்தட்டத் தரையோடு படுக்க வைத்துப் பிடிக்கப் பழக்குங்கள். அதற்கு முழங்கால் மடங்க வேண்டும்.

கோல் போட வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். 11 நாளும் தடுப்பதையே பழக்கினால் பிள்ளைகள் பயந்த மாதிரியே ஆடுவார்கள். தினமும் கடைசி 20 நிமிடம் நம்முடைய ஷார்ட் கார்னர் மட்டும். தள்ளுகிறவள் ஒருத்தி, நிறுத்துகிறவள் ஒருத்தி, அடிக்கிறவள் ஒருத்தி. இந்த மூவரை மாற்றவே மாற்றாதீர்கள். வித்தை ஒன்றும் வேண்டாம், தரையோடு தரையாக, கோலியின் காலுக்குப் பக்கத்தில் ஒரு ஹிட். நடுக்கோட்டில் நிற்கும் அந்த வேகமான பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள், பந்து கிடைத்தால் கோலைப் பார்க்க வேண்டாம், டிக்குள் நுழைந்து யார் காலிலாவது படுமா என்று பார் என்று. நம்மை மிரட்டுகிற அதே விதி அந்தப் பக்கமும் வேலை செய்யும்.

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நம் பெண்கள் செய்தது இதுதான். 2021-இல் நடந்தது, உங்கள் பிள்ளைகளில் சிலர் டி.வி.யில் பார்த்திருக்கலாம். முதல் ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 5-1. அப்புறம் ஜெர்மனியிடம் 2-0, பிரிட்டனிடம் 4-1. மூன்றும் தோல்வி. அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் ஜெயித்துத் தட்டுத்தடுமாறி காலிறுதிக்கு வந்தார்கள். எதிரே தன் பிரிவில் ஒரு ஆட்டத்திலும் தோற்காத ஆஸ்திரேலியா. 22-வது நிமிடத்தில் கிடைத்த ஷார்ட் கார்னரில் குர்ஜித் கவுர் தரையோடு அடித்தார், கோல். அதற்குப் பிறகு சவிதா புனியா கோலில் நின்றார், முன்னால் எல்லோரும் கட்டுக்கோப்பாக நின்றார்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கிடைத்த ஷார்ட் கார்னர்களில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. 1-0. அந்த ஆட்டத்தின் காட்சிகள் கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துக் காட்டுங்கள். கோலைக் காட்டியதும் நிறுத்திவிடாதீர்கள். கடைசிப் பதினைந்து நிமிடத்தைக் காட்டி, பந்தை எடுத்தவுடன் நம்மவர்கள் எந்தப் பக்கம் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களே விரல் நீட்டிச் சொல்வார்கள்.

இதைச் சொன்னதால் 'நாமும் ஜெயிச்சிடலாம்' என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்க வேண்டாம் டீச்சர். அவர்களுக்குப் பதினைந்து, பதினாறு வயது. பொய் எது என்று தெரியும். "அவங்க நம்மைவிட நல்லா ஆடறவங்க. ஜெயிக்கிறது கஷ்டம். ஆனா போன வருஷ ஆட்டம் இந்த வருஷம் நடக்காது, ஏன்னா அந்த ஒன்பது கோல் எப்படி விழுந்ததுன்னு இப்ப நமக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள். சொல்வதோடு விடாமல், போன வருடம் ஆடிய பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்து அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி எழுதச் சொல்லுங்கள். அழுகை வரலாம், வரட்டும். எழுதி முடித்ததும் பாருங்கள், நான் அன்று நோட்டில் எழுதியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. 'நாம மோசம்' என்று மனசில் கிடந்தது, 'நாலு கோல் குறுக்கே போட்ட பாஸ்ல விழுந்தது' என்று காகிதத்துக்கு வந்துவிடும். முன்னதை யாரும் திருத்த முடியாது, பின்னதைத் திருத்தலாம்.

ஆட்டத்தன்று எண்ணுவதற்கு வேறு ஒரு கணக்குக் கொடுங்கள். பந்தைப் பிடுங்கிய பிறகு நம் ஆளுக்கே போய்ச் சேர்ந்த முதல் பாஸ் எத்தனை? வெளியே உட்காரும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வரட்டும். இடைவேளையில் நீங்கள் பேச வேண்டியது அந்த எண்ணைப் பற்றித்தான், ஸ்கோரைப் பற்றி அல்ல. ஸ்கோர் எல்லோருக்கும் தெரியும்.

யாராவது கார்டு வாங்கினால் பதற வேண்டாம் என்றும் முன்பே சொல்லி வையுங்கள். பச்சை என்றால் இரண்டு நிமிடம், மஞ்சள் என்றால் குறைந்தது ஐந்து நிமிடம் வெளியே. 2024 பாரிஸ் காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, நம் ஆண்கள் அணி 40 நிமிடத்துக்கு மேல் பத்து பேராகவே ஆடி பிரிட்டனை 1-1 என்று நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4-2 என்று ஜெயித்தது. ஒருத்தி வெளியே போனால் யார் எந்த இடத்துக்கு நகர வேண்டும் என்பதை ஒரு நாள் பழகிவிடுங்கள், பத்து நிமிட வேலைதான்.

உடம்பு விஷயம் கொஞ்சம். இந்த 11 நாளில் பாலாற்று மணலில் ஓட வைக்கிறேன், மலை ஏற வைக்கிறேன் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மணல் ஓட்டம் நல்லதுதான், ஆனால் அது மூன்று மாத வேலை. இப்போது செய்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ஆட்டத்தன்று நொண்டுவார்கள். நம்ம ஊர் வெயில் பாறையில் பட்டுத் திரும்பி வருகிற வெயில். காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்கு முடித்துவிடுங்கள். வீட்டில் தண்ணீர் பிடித்து, தம்பி தங்கையைக் கிளப்பிவிட்டு வருகிற பிள்ளைகள் தாமதமாக வந்தால் ஓடச் சொல்லித் தண்டிக்காதீர்கள். போட்டிக்கு முந்தின நாள் அரை மணி நேரம் லேசாக ஆடினால் போதும். மாதவிடாய் நாளில் இருக்கும் பிள்ளை உங்களிடம் தயங்காமல் சொல்ல முடிய வேண்டும், எப்படியும் ஆடு என்றோ ஆடாதே என்றோ நாம் முடிவு செய்யக் கூடாது. ஆட்டத்தன்று காலை இட்லி, வாழைப்பழம். எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் போட்டு இரண்டு குடம் கொண்டுபோங்கள். ஊரில் யாராவது முந்தின ராத்திரி ஆம்பூர் பிரியாணி வாங்கித் தருகிறேன் என்று அன்போடு வருவார்கள். ஆட்டம் முடிந்த பிறகு வாங்கித் தரச் சொல்லுங்கள். எந்த முடிவு வந்தாலும் வாங்கித் தர வேண்டும் என்று அப்போதே வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்று ஆட்டக்காரர் இரண்டு பேர்தான் என்பதால், அதிகம் ஓடுகிற ரைட் ஹாஃபையும் லெஃப்ட் ஹாஃபையும் மாற்றி மாற்றி இழுத்து உட்காரவையுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. மொத்தம் எத்தனை நிமிட ஆட்டம் என்பதை அமைப்பாளர்களிடம் இப்போதே கேட்டு, அதற்கேற்பப் பங்கு போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமை ஆசிரியரிடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. திருப்பத்தூரிலிருந்து அரக்கோணம் வரை, திருவண்ணாமலையும் சேர்ந்து வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், ஒரு பலமான அணியை ஒரு முறை சந்தித்தால் மறுபடி சந்திக்க வருடங்கள் ஆகலாம். 1989-இல் திருவண்ணாமலை போயிற்று, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. இப்போது வேலூர் மாவட்டம் சின்னது. அடுத்த வருடமும் அதே பள்ளிதான் எதிரே வரும். உங்கள் பதின்மூன்று பேரில் அடுத்த வருடமும் இந்த வயதுப் பிரிவில் ஆடக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இந்த வருடம் விலகினால், அவர்கள் அந்த 9-0 ஐயே இன்னொரு வருடம் சுமக்க வேண்டும்.

ஒரே ஒரு செட் கோலி பேட் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அந்தப் பிள்ளையின் காலுக்குப் பொருந்துகிறதா என்று எழுதவில்லை. பேட் பெரிதாக இருந்தால் கிக்கர் முன்னால் துருத்திக்கொண்டு கால் தடுக்கும். கட்டிவிட்டு அவளைப் பக்கவாட்டில் பத்து தப்படி வேகமாக நகரச் சொல்லிப் பாருங்கள், வார் தளர்கிறதா என்று கவனியுங்கள். என்னிடம் சின்ன அளவில் ஒரு ஜோடி கிக்கரும் இரண்டு முகமூடியும் இருக்கின்றன. கோலியின் உயரமும் ஷூ அளவும் எழுதி அனுப்புங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வந்தால், குடியாத்தம் பஸ்ஸில் கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்கிறேன்.